“தம்பி, நீர் ஆற்றை பெடியன்?”

மனித மூளையின் மேற்பட்டை 2 முதல் 4 மில்லிமீற்றர் வரைதான் தடிப்பு. அதற்குள் ஏறக்குறைய 1,600 கோடி நரம்புக்கலங்கள் இருக்கின்றன. பிடரிப் பக்கத்தில் ஒரு பகுதி பார்வைக்கு. காதை ஒட்டி ஒரு பகுதி கேட்பதற்கு. உச்சியில் ஒரு காதிலிருந்து மறுகாது வரை ஓடும் இரண்டு கீற்றுகளில் ஒன்று தொடுகைக்கு, மற்றது அசைவுக்கு. இவ்வளவையும் கழித்துவிட்டால் மிஞ்சுவதுதான் மேற்பட்டையின் பெரும்பகுதி. அது நேரே எதையும் பார்ப்பதில்லை, கேட்பதில்லை, கையைக் காலை அசைப்பதுமில்லை. வந்து சேர்ந்தவற்றை ஒன்றோடொன்று கோத்துப் பொருள் காண்பதே அதன் வேலை. அதனால்தான் அதற்கு இணைப்புப் பரப்பு என்று பெயர். நாங்கள் அறிவு என்று சொல்லும் ஏறக்குறைய எல்லாமே அங்கேதான் நடக்கிறது.

குரங்கின் மூளையை மனித மூளையோடு ஒப்பிட்டால், பார்வைப் பகுதியும் தொடுகைப் பகுதியும் அவ்வளவாக விரியவில்லை. மிக அதிகமாக விரிந்தது இணைப்புப் பரப்புத்தான். குழந்தை பிறந்து வளரும்போதும் அதிகமாக விரிவது ஏறக்குறைய அதே இடங்கள்தான்.

ஆற்றை பெடியன்?

மார்கழித் திருவாதிரைக்கு எங்கள் காரைநகரின் ஈழத்துச் சிதம்பரம் போய்ப் பாருங்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்தவர்கள் திண்ணபுரம் வீதியில் நிறைந்திருப்பார்கள். முப்பது வருடம் ஊர்ப்பக்கம் வராத ஒருவரை வெளிவீதியில் இருக்கும் ஒரு முதியவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “தம்பி, நீர் ஆற்றை பெடியன்?” என்று கேட்பார். பதில் வருமுன்பே “தகப்பன்ற நடை அப்பிடியே கிடக்கு” என்பார்.

அந்த ஒரு நிமிடத்தில் அவருடைய மூளை எத்தனை வேலை செய்கிறது தெரியுமா? கண்ணில் விழுந்தது முதலில் பிடர்ச்சோணைக்குப் போகிறது. அங்கே கோடு, விளிம்பு, நிறம் மட்டும்தான். அது முகம் என்று அறிவது கடைநுதற்சோணையின் அடிப்பக்கத்தில் உள்ள ஒரு சிறு பகுதி. 1997இல் நான்சி கன்விஷர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அதை ஸ்கானில் கண்டு எழுதினார்கள். முகத்தைக் கண்டதும் மூளையில் எழும் மின்னலை ஒரு செக்கனில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நேரத்தில் உச்சம் தொட்டுவிடும். நடையை அறியும் இடம் வேறு, அது காதுக்கு மேலே ஓடும் ஒரு பள்ளம். குரலுக்கு இன்னோர் இடம். இவை மூன்றும் வந்து சேர்ந்து, அந்த மனிதரின் தகப்பன், வளவு, கடை, சண்டை, சம்பந்தம் எல்லாவற்றோடும் இணைந்தால்தான் “இன்னாற்றை மகன்” என்ற முடிவு வரும்.

முகத்தை அறியும் அந்தப் பகுதி பழுதானால், கண் நன்றாகத் தெரியும். ஆனால் கண்ணாடியில் நிற்கும் தன் முகம்கூட யாருடையது என்று தெரியாமல் போகலாம். அதே ஆள் வாய் திறந்து பேசினால் உடனே இன்னார் என்று சொல்லிவிடுவார்கள்.

“முகம் தெரியுது, பேர் வருகுதில்லை” என்பதற்கும் காரணம் உண்டு. ஒருவரைப் பற்றிய அறிவும் அவருடைய பெயரும் மூளையில் ஒரே வழியில் வருவதில்லை. இடது கடைநுதற்சோணையின் முன்நுனி பாதிக்கப்பட்டவர்கள், படத்தில் இருப்பவர் செய்த தொழிலைச் சொல்வார்கள், எந்த ஊர் என்றும் சொல்வார்கள். பெயர் மட்டும் வராது. 1996இல் ஹன்னா டமாசியோவின் குழு இதை விரிவாகக் காட்டியது. அறுபது வயதுக்கு மேல் இடைக்கிடை பெயர் தடுக்குவது எல்லோருக்கும் உள்ளதுதான், அதற்காக யாரும் பயப்பட வேண்டாம். ஆளே தெரியாமல் போனால்தான் கவனிக்க வேண்டும்.

1848: மானிப்பாயும் வெர்மான்டும்

காரைநகரிலிருந்து மானிப்பாய் வழியாக யாழ்ப்பாணம் போகிறவர்கள் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையைத் தாண்டித்தான் போகிறார்கள். சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். 1847இல் மிசன் மருத்துவராக வட்டுக்கோட்டைக்கு வந்து, 1848இல் மானிப்பாய்க்கு மாறினார். எங்கள் பிள்ளைகளுக்கு மேலைநாட்டு மருத்துவம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழிலேயே. உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் பற்றிய கட்டர் என்பவரின் நூலை 1850களிலேயே ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என்று தமிழில் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் தாய்மொழியில் மனித உடலைப் படிக்கக் கிடைத்த ஆசிய மாணவர்கள் எத்தனை பேர்? காரைநகருக்குக் கிட்டத்திலேயே இது நடந்திருக்கிறது. எங்கள் பாடசாலைகளில் இதைப் போதிய அளவு சொல்லிக்கொடுக்கிறோமா என்பது எனக்குள்ள பெரிய ஆதங்கம்.

கிறீன் மானிப்பாய்க்கு மாறிய அதே 1848இல், அவர் பிறந்த மாநிலத்துக்கு அடுத்த வெர்மான்டில் மூளை ஆய்வின் வரலாற்றை மாற்றிய விபத்து ஒன்று நடந்தது. செப்ரெம்பர் 13ஆம் தேதி. ரயில் பாதைக்குப் பாறை உடைத்துக்கொண்டிருந்த பினியஸ் கேஜ் என்ற 25 வயது மேற்பார்வையாளர், துளைக்குள் வெடிமருந்தை இடித்து இறுக்கியபோது அது வெடித்தது. ஒரு மீற்றருக்கு மேல் நீளமும் 6 கிலோ எடையும் கொண்ட இரும்புக்கோல் இடது கன்னத்துக்குள் புகுந்து தலையின் உச்சியால் வெளியே போய் விழுந்தது. அவர் சாகவில்லை. சிறிது நேரத்தில் எழுந்து இருந்து பேசினார். பேச்சும் நடையும் நினைவும் இருந்தன. ஆனால் பொறுமை போய்விட்டது. திட்டமிட்டு ஒன்றைச் செய்து முடிக்கும் தன்மை குறைந்தது. நண்பர்கள் அவரைப் பழைய கேஜாகக் காணவில்லை என்று அவருக்கு மருத்துவம் செய்த ஜோன் ஹார்லோ எழுதினார்.

இரும்பு கிழித்தது நுதற்சோணையின் முன்பகுதியை. நெற்றிக்குப் பின்னாலுள்ள இணைப்புப் பரப்பு அது. இப்போது செய்யத் தோன்றுவதை அடக்கி, நாளைக்கு வேண்டியதை முன்வைப்பது அதன் பொறுப்பு.

பல பாடநூல்கள் கேஜின் கதையை அந்தச் சீரழிவோடு முடித்துவிடுகின்றன. அது அவருக்குச் செய்யும் அநியாயம். கேஜ் பிறகு சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். பல குதிரைகளைக் கையாண்டு, நேரத்துக்குப் பயணிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை, நெற்றி மூளை ஒன்றுமே வேலை செய்யாத மனிதனால் ஆகக்கூடியதல்ல. ஒழுங்கான அன்றாட வேலை அவரைத் திரும்பக் கட்டியெழுப்பியிருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1860இல் இறந்தார். மண்டையோடும் அந்த இரும்புக்கோலும் இன்றும் ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கடைசியாக முதிர்வது

இணைப்புப் பரப்பை அடையாளம் கண்டவர் ஜெர்மனியின் போல் பிளெக்சிக். நரம்பிழைகளைச் சுற்றிக் கொழுப்புறை படியும் ஒழுங்கை அவர் குழந்தைகளின் மூளையில் பார்த்தார். பார்வை, கேட்டல், தொடுகைப் பகுதிகளில் உறை முதலில் படிகிறது. இடையிலுள்ள பகுதிகளில் பிந்திப் படிகிறது. 1890களில் அந்தப் பகுதிகளுக்கு இணைப்பு மையங்கள் என்று பெயர் வைத்தார்.

நெற்றிக்குப் பின்னாலுள்ள பரப்பு இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டேயிருக்கும். உயர்தரம் எடுக்கும் பிள்ளை கணக்கிலும் பௌதிகத்திலும் எங்களை வெல்லும். ஆனால் மோட்டார் சைக்கிளில் பொன்னாலைப் பாலத்தில் வேகத்தை அடக்க அதே பிள்ளைக்கு முடியாமல் போகும். கூடப் படித்தவர்கள் பின்னால் இருந்து பார்த்தால் இன்னும் கஷ்டம். தலைக்கவசத்தைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லும் தாய் தகப்பன், பிள்ளையின் நெற்றிமூளை இன்னும் செய்யாத வேலையைத்தான் செய்கிறார்கள்.

கூழின் சுவை எங்கே இருக்கிறது?

ஒடியல் மா, நண்டு, இறால், மீன், பயிற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை, பழப்புளி, செத்தல் மிளகாய். நாக்குக்குத் தெரிவது உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, இறைச்சிச் சுவை என்ற ஐந்துதான். நண்டு எது, ஒடியல் எது என்று சொல்வது தொண்டையின் பின்பக்கத்தால் மூக்குக்கு ஏறும் மணம். உறைப்பு சுவையே அல்ல; சூட்டையும் நோவையும் அறியும் நரம்புகள் அதைக் கொண்டுபோகின்றன. இவை எல்லாம் கண்ணுக்கு மேலே, நெற்றிமூளையின் அடிப்பரப்பில் ஒன்றுசேர்ந்த பிறகுதான் அது கூழாகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கொரோனாவில் மணம் இழந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

அதே இடம்தான் போதும் என்றும் சொல்கிறது. ஒரே உணவை வயிறு நிறையச் சாப்பிடும்போது அந்த உணவுக்கு அங்குள்ள கலங்கள் காட்டும் துடிப்பு குறைந்துகொண்டு வரும். மூன்றாவது பிளாக் கூழ் முதலாவதைப் போல இனிக்காது. அதற்குப் பிறகு ஒரு துண்டு பனங்கட்டியைக் கண்டால் வாய் ஊறுவது ஏனென்றால், துடிப்பு குறைந்தது கூழுக்கு மட்டும்தான்.

பாதி ஊரைக் காணாத மனம்

எனக்கு மூளை ஆய்வுகளில் மிகவும் பிடித்தது இத்தாலியில் மிலான் நகரத்தில் நடந்தது. 1978இல் பிசியாக், லுசாற்றி என்ற இருவர் அதை எழுதினார்கள். வலது சுவர்ச்சோணை, அதாவது தலையின் மேல் பின்பக்கம், பாதிக்கப்பட்டவர்கள் உலகத்தின் இடது பாதியைக் கவனிப்பதில்லை. தட்டில் வலது பக்கச் சோற்றை மட்டும் சாப்பிடுவார்கள். முகத்தில் வலது பாதியை மட்டும் சவரம் செய்வார்கள். கண்ணில் குறையில்லை.

அப்படிப்பட்ட இரண்டு நோயாளிகளிடம், தங்கள் ஊரின் பெரிய தேவாலயச் சதுக்கத்தை மனத்தில் கற்பனை செய்து சொல்லச் சொன்னார்கள். தேவாலயத்தை நோக்கி எதிர்முனையில் நிற்பதாக நினைத்தபோது, வலப்பக்கக் கட்டடங்களை மட்டும் சொன்னார்கள். சரி, இப்போது தேவாலய வாசலில் நின்று சதுக்கத்தைப் பார்ப்பதாக நினையுங்கள் என்றார்கள். உடனே, முன்பு விட்ட கட்டடங்களை வரிசையாகச் சொன்னார்கள். முன்பு சொன்னவற்றை விட்டுவிட்டார்கள். நினைவில் முழுச் சதுக்கமும் இருந்தது. மனக்கண்ணில் பாதிதான் வந்தது.

இதைக் காரைநகரில் வைத்துப் பாருங்கள். பொன்னாலைப் பாலத்தால் ஊருக்குள் வருவதாக அப்படியான ஒருவர் கற்பனை செய்தால், வலப்பக்கம் கசூரினாக் கடற்கரை வரும். இடப்பக்கத்து ஊர்காவற்றுறைத் துறையும், கடலுக்குள் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையும் வராது. அதே ஆள் 1916இல் கட்டிய கோவளம் வெளிச்சவீட்டடியில், கடலுக்கு முதுகு காட்டி ஊரைப் பார்த்து நிற்பதாக நினைத்தால், துறையும் கோட்டையும் வந்துவிடும். கசூரினா காணாமல் போய்விடும்.

பாரிசவாதம் வந்த ஒருவர் தட்டில் பாதியை விட்டால், பசியில்லை என்று நினைக்காதீர்கள். தட்டை மெல்லத் திருப்பி வையுங்கள். கட்டிலுக்கு எந்தப் பக்கம் இருந்து கதைப்பது, கவனத்தை இடப்பக்கம் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பது என்பதையெல்லாம் சிகிச்சையாளரிடம் கேட்டு அறிந்து செய்யலாம்.

விரலும் கணக்கும்

காகம் பறக்காத இடமும் காரைதீவான் போகாத இடமும் இல்லை என்று எங்கள் ஊரவரைப் பற்றி முன்பு சொல்வார்கள். சிங்களக் கிராமங்கள் வரை கடை வைத்த மனிதர்களின் பெரிய முதல், மனக்கணக்கு. முந்திரி என்றால் 320இல் ஒன்று, காணி என்றால் 80இல் ஒன்று, மாகாணி என்றால் 16இல் ஒன்று என்று பழைய எண்சுவடி படித்த தலைமுறை, பேனை எடுக்காமல் வட்டி போட்டது.

வாய்பாடாகப் படித்த பெருக்கல், மூளையின் இடது பக்கத்தில் சுவர்ச்சோணையும் கடைநுதற்சோணையும் பிடர்ச்சோணையும் சந்திக்கும் மூலையில் உள்ள ஒரு மடிப்பை நம்பியிருக்கிறது. அளவை மதிப்பிடுவது, அதாவது இந்தக் குவியல் பெரிது, அந்தக் குவியல் சிறிது என்பது, அதற்குச் சற்று மேலேயுள்ள ஒரு பள்ளத்தின் வேலை. அந்த மூலை பழுதானால் நாலு விடயம் ஒன்றாகக் கெடும் என்று வியன்னாவில் யோசப் கேர்ஸ்ற்மன் 1924 முதல் எழுதினார்: கணக்கு, எழுத்து, இடது வலது, எந்த விரல் எது என்ற அறிவு. விரலும் கணக்கும் மூளையில் அயலவர்கள். விரல் மடித்து எண்ணும் சிறு பிள்ளையைக் கண்டிக்கும் ஆசிரியர்கள் இதை ஒருதரம் யோசிக்க வேண்டும்.

தமிழர் கைகொடுத்த பரிசோதனை

ஒரு தாளில் இரண்டு உருவம். ஒன்று கூர்கூராக, மற்றது மேகம் போல் வளைந்து வளைந்து. ஒன்றின் பெயர் கிக்கி, மற்றதன் பெயர் பூபா. எது எது?

சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவில் பேராசிரியரான வி.எஸ். இராமச்சந்திரனும் எட்வேர்ட் ஹபார்டும் 2001இல் இதைப் பற்றி எழுதினார்கள். அமெரிக்க மாணவர்களிடமும் இந்தியாவில் தமிழ் பேசுபவர்களிடமும் கேட்டபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் கூரானதைக் கிக்கி என்றார்கள். இதற்கு முன்னோடி, 1929இல் வூல்ப்காங் கோலர் வேறு சொற்களை வைத்து எழுதியது.

கண் பார்த்த கூர்மையும், காது கேட்ட கூர்மையும், நாக்கு வாய்க்குள் அசையும் விதமும் ஒன்றோடொன்று பொருந்திப்போவது, மூன்று சோணைகள் சந்திக்கும் அதே மூலையில்தான் என்று இராமச்சந்திரன் கருதினார். அந்த இடம் பாதிக்கப்பட்ட ஒரு சிலர், பழமொழியைக் கேட்டால் சொல்லுக்குச் சொல் பொருள் சொன்னதாகவும் எழுதினார். கடலில் கரைத்த பெருங்காயம் என்றால், கடலையும் பெருங்காயத்தையும் மட்டுமே காண்பது போன்ற நிலை அது.

நூறு கவனம்

பருத்தித்துறைப் பக்கம் மேலைப்புலோலியில் 1871இல் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளை தமிழ்ப் பேரகராதி செய்தவர். சென்னையில் வெஸ்லி பாடசாலையில் திரு.வி.க.வுக்குத் தமிழ் படிப்பித்தவர். அவர் பெயருக்கு முன்னால் நிற்பது சதாவதானி என்ற பட்டம். இளவயதிலேயே 1907இல் இறந்துவிட்டார். அதே 1907இல் நாகர்கோயில் இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் சென்னை விக்ரோறியா மண்டபத்தில் நூறு அவதானம் செய்து காட்டினார்.

அவதானம் நடக்கும் சபையில் ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்குக் கேட்பார். ஒருவர் இடைக்கிடை மணி அடிப்பார். பின்னால் நிற்பவர் முதுகில் நெல்லோ பூவோ எறிவார். ஒருவர் சதுரங்கக் காய் நகர்த்துவார். முடிவில் எத்தனை மணி, எத்தனை பூ, எந்த அடி, எந்த விடை என்று ஒன்றும் தவறாமல் சொல்ல வேண்டும்.

சாதாரண மனிதர் ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்து வைப்பது ஏறக்குறைய நாலு விடயம்தான். நெற்றிமூளையில் சில கலங்கள், கண்முன் இருந்த பொருளை மறைத்த பிறகும் விடாமல் துடித்துக்கொண்டிருப்பதை 1971இல் யோக்கின் பஸ்ரர் குரங்குகளில் கண்டார். கையில் உள்ளதை நழுவவிடாமல் வைத்திருப்பது அந்தத் துடிப்பு. அதற்கு எல்லை உண்டு. அப்படியானால் நூறு எப்படி? அவதானி நூறையும் ஒரே கணத்தில் பிடிப்பதில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுகிறார். விட்டதை விட்ட இடத்தில் திரும்ப எடுக்கிறார். அசை, சீர், தளை, எதுகை என்ற சட்டம் இளவயதிலிருந்து ஊறியிருப்பதால், ஒரு முழுப் பாட்டு அவருக்கு ஒரே கட்டாக நிற்கிறது. நாலு கட்டுக்குள் நாலு பாட்டு அடங்கும். யாப்பு படிக்காதவருக்கு நாலு சொல்தான் அடங்கும்.

வேதம் மனனம் செய்தவர்களின் மூளை

ஹரியானா மானேசரில் உள்ள தேசிய மூளை ஆய்வு மையத்தில், சிறு வயதிலிருந்து சுக்ல யசுர்வேதம் மனனம் செய்த 21 பண்டிதர்களின் மூளையை, அதே வயதுள்ள 21 பேரின் மூளையோடு ஒப்பிட்டார்கள். 2016இல் ஜேம்ஸ் ஹார்ட்செலும் மற்றவர்களும் வெளியிட்ட முடிவு: பண்டிதர்களுக்கு இரு பக்கக் கடைநுதற்சோணைகளிலும் சாம்பல்நிறப் பகுதி செறிவாக இருந்தது. பயிற்சிதான் முழுக் காரணமா, பிறவியிலேயே அப்படியானவர்கள்தான் இந்தப் பயிற்சியில் நிலைத்தார்களா என்பதை இந்த ஒப்பீடு மட்டும் தீர்க்காது. ஆனாலும் பண்ணிசை வகுப்பில் தேவாரம் மனனம் செய்யும் பிள்ளையை “சும்மா பாடமாக்குகிறது” என்று ஒருவரும் குறைத்துப் பேச வேண்டாம்.

எழுத்துப் படித்தால் மூளை மாறும்

வாசிப்புக்கென்று மூளை பிறக்கும்போதே ஒரு பகுதியை ஒதுக்குவதில்லை. எழுத்து வந்து சில ஆயிரம் ஆண்டுகள்தான். பிள்ளை அ, ஆ படிக்கும்போது, இடது பக்கத்தில் கண்ணுக்கும் பேச்சுக்கும் நடுவிலுள்ள ஓரிடம் எழுத்துக்குப் பழகிக்கொள்கிறது. தமிழோ சீனமோ ஆங்கிலமோ, இடம் ஏறக்குறைய ஒன்றே. 2010இல் பிரேசிலிலும் போர்த்துக்கலிலும் பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வில், வளர்ந்த பிறகு எழுத்தறிந்தவர்களிலும் அந்த மாற்றம் தெரிந்தது. முதியோர் கல்வி வீண்போகாது.

வெடிச்சத்தம்

1990களின் தொடக்கத்தில் காரைநகர் ஊரோடு இடம்பெயர்ந்தது. போர் மனத்துக்கு என்ன செய்யும் என்பதை யாழ்ப்பாணத்திலேயே இருந்து, நோயாளிகளைப் பார்த்து எழுதியவர் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். ‘மனவடு’ என்ற அவருடைய நூல் எங்கள் வீடுகளில் இருக்க வேண்டிய நூல். திருவிழா வாணவெடிக்கு ஒருவர் இன்றும் நிலத்தில் குந்திவிட்டால், அது கோழைத்தனமில்லை. ஆபத்தை உணர்த்தும் ஆழமான பகுதி முதலில் பாய்ந்துவிடுகிறது. “இது கோயில், இது திருவிழா” என்று இடத்தையும் காலத்தையும் சொல்லி அதை அமர்த்தும் நெற்றிமூளை பின்தங்கிவிடுகிறது. அமர்த்தப் பழக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, அது பலருக்குப் பலன் தந்திருக்கிறது.

அம்மம்மா நடக்கிறா, பார்க்கிறா, ஆனால்...

அல்சைமர் நோய் முதலில் நினைவைப் பதியும் ஆழ்பகுதியில் தொடங்கி, பிறகு இணைப்புப் பரப்புகளுக்குப் பரவுகிறது. பார்வைக்கும் தொடுகைக்கும் அசைவுக்குமான முதற்பகுதிகள் நெடுங்காலம் தப்பிக்கின்றன. அதனால்தான் அம்மம்மா நன்றாக நடப்பா, ஊசியில் நூல்கூடக் கோப்பா. ஆனால் அடுப்பில் வைத்த பாலும், வாசலில் வந்து நிற்கும் மருமகளும் எதோடும் சேராமல் போய்விடும். இதைப் பிடிவாதம் என்று நினைத்துச் சண்டை பிடிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், தொலைபேசியில் மட்டும் கதைக்கிறார்கள் என்றால், அது இன்னும் பிந்தித்தான் பிடிபடும். தொலைபேசியில் பத்து நிமிடம் யாரும் நன்றாகக் கதைத்துவிடலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடியின் குழு 648 மறதிநோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து 2013இல் எழுதியது: ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுபவர்களுக்கு நோய் நாலரை வருடம் பிந்தித் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிலும் இந்த வேறுபாடு இருந்தது. கடை வைத்துச் சிங்களம் பழகிய எங்கள் தாத்தாமார்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். எல்லா ஆய்வுகளும் இதே முடிவுக்கு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

2024இல் லான்செற் ஆணைக்குழு, தவிர்க்கவோ குறைக்கவோ கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றைக் கவனித்தால், உலகிலுள்ள மறதிநோயில் ஏறக்குறைய 45 வீதத்தைத் தடுக்கவோ பிந்தச்செய்யவோ முடியும் என்று மதிப்பிட்டது. உயர் குருதியமுக்கம், நீரிழிவு, புகை, தனிமை எல்லாம் உண்டு. எங்கள் ஊரில் அதிகம் அலட்சியம் செய்யப்படுவது காது கேளாமை. “அப்புவுக்குக் காது கொஞ்சம் மந்தம்” என்று விட்டுவிடுகிறோம். கேட்காத மனிதர் கதைப்பதைக் குறைப்பார். கதைக்காதவரின் இணைப்புப் பரப்புக்கு வேலை குறையும். கேட்டற்கருவிக்குச் செலவழிப்பது வீண் செலவல்ல.

சொல் பிழைத்தால்

1874இல் கார்ல் வேர்ணிக்கே ஒரு வகை நோயாளிகளை விவரித்தார். இடது காதுக்குப் பின்மேலே உள்ள பரப்பு பாதிக்கப்பட்டவர்கள். சரளமாக, தடையில்லாமல் கதைப்பார்கள். சொற்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. மற்றவர் கதைப்பதும் விளங்காது. கையும் காலும் நன்றாக இயங்கும். வாய் கோணவில்லை, கை விழவில்லை என்பதால் வீட்டார் இதைப் பேய் பிடித்தது என்றும் மூளை பிசகியது என்றும் எண்ணி, மணித்தியாலக் கணக்கில் வீட்டிலேயே வைத்திருந்துவிடுவார்கள்.

திடீரென்று ஒருவர் பொருந்தாமல் கதைத்தால், திடீரென்று வாசிக்க முடியாமல் போனால், திடீரென்று ஒரு பக்கத்தைக் கவனிக்காமல் விட்டால், அது பாரிசவாதமாக இருக்கலாம். குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணித்தியாலம் வரைதான் காலம். எவ்வளவு முந்துகிறீர்களோ அவ்வளவு மூளை தப்பும். காரைநகரிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஏறக்குறைய 20 கிலோமீற்றர். சுவசெரிய அம்புலன்சுக்கு எண் 1990, காசு இல்லை. அழைத்துவிட்டு, நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாகக் கதைத்தார் என்று ஒரு துண்டில் எழுதிக் கையில் வைத்திருங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.